உரத்தொட்டியில் எறும்பு, மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

கேள்வி: யாங்கூனில் வீட்டுப் பின்னால் செங்கல் அடுக்கி, ஓரடி உயரப் பாத்தியில் புளிச்சகீரையும் வெண்டையும் போட்டிருக்கிறேன். மாசி பிறந்ததிலிருந்து உரத்தொட்டியைக் கிளறினால் சிவப்பு எறும்பு முட்டையோடு பொங்கி வருகிறது. முழங்கை வரை கடி. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

பதில்: ஐயோ, வேண்டாம் அக்கா! அந்த உரத்தை அப்புறம் கீரைக்குப் போட முடியாது. மழையில்லாத மாதம், தொட்டி காய்ந்திருக்கும். தண்ணீர் தெளித்துத் தினமும் கிளறுங்கள். ஒரு பிடி பிழிந்தால் ஒரு சொட்டாவது வரவேண்டும். கூடு கலைந்துகொண்டே இருந்தால் அதுவே முட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்.

இன்னொருவர்: வெண்டைக் கொழுந்தையும் திருப்பிப் பாருங்கள். அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி சுரக்கும் இனிப்புக்குத்தான் எறும்பு ஏறும். அந்தப் பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள்.

கேட்டவர்: பிழிந்தேன், தூள்தான் உதிர்ந்தது! அசுவினியும் அப்பியிருக்கிறது. சரி, மண்ணெண்ணெய் பாட்டில் அண்ணனிடமே போய்விட்டது.