அமெரிக்க அரசியல் சண்டையை எப்படி எடுத்துக்கணும் - புதுசா வந்தவங்களுக்கு

தம்பி தங்கச்சிங்களா, இங்க தலைவருங்க டிவில ஒருத்தர ஒருத்தர் கிழிக்கிறத பாத்துட்டு இவங்க ஜென்மத்துக்கும் சேர மாட்டாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க. 2019 ஜூன்ல மியாமில ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் டிபேட்ல, கறுப்பின, வெள்ளைப் பிள்ளைங்கள ஒண்ணா படிக்க வைக்க பஸ்ல வேற ஸ்கூலுக்கு அனுப்புன பழைய திட்டத்த பைடன் எதிர்த்தத கமலா ஹாரிஸ் எடுத்து, அப்படி பஸ்ல போன சின்னப்பொண்ணு நான்தான்னு அவரு முகத்துக்கு நேரா சொன்னாங்க, மனுஷன் தடுமாறிட்டாரு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல துணை அதிபர் வேட்பாளரா அவங்களத்தான் அவரு அறிவிச்சாரு. ஒபாமா, ஹிலாரியும் அப்படித்தான், 2008ல மாசக்கணக்கா மோதிட்டு அப்புறம் அவரு ஆட்சியிலயே அவங்க வெளியுறவு அமைச்சர்.

காரணம் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளர தேர்ந்தெடுக்கிற உள்தேர்தல். வேட்பாளர் யாருன்னு தலைமை கைகாட்டுறது இல்ல, ஜனங்க ஓட்டு போட்டு முடிவு பண்றாங்க, அதனால சொந்தக் கட்சிக்காரனோடவே வெளிப்படையா மோதித்தான் ஆகணும். நம்ம ஊர்ல 1985 கட்சித்தாவல் சட்டப்படி கொறடா உத்தரவ மீறினா பதவிக்கே ஆபத்து, இங்க அப்படி சட்டம் கிடையாது. 2017 ஜூலைல நடுராத்திரி செனட்ல குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கெய்ன் கட்டைவிரல கீழ காட்டி சொந்தக் கட்சியோட ஹெல்த்கேர் மசோதாவ கவுத்தாரு, பதவி அப்படியே இருந்துச்சு. அதுக்காக விசுவாசத்துக்கு மதிப்பில்லன்னு நினைக்காதீங்க, டிரம்ப பதவிநீக்கம் பண்ண ஓட்டு போட்ட அவரு கட்சி எம்.பி. லிஸ் சேனிய 2022 பிரைமரில வயோமிங் குடியரசுக் கட்சிக்காரங்களே தோக்கடிச்சாங்க. தண்டனை குடுக்கிறது சட்டம் இல்ல, ஓட்டர்தான்.

எனக்கு ரொம்ப மரியாதை வந்த இடம் 2008 அக்டோபர், மினசோட்டா கூட்டம். ஒபாமா அரபுக்காரர், நம்ப முடியலன்னு ஒரு அம்மா சொன்னதும், ஒபாமாவ எதிர்த்து அதிபர் தேர்தல்ல நின்ன அதே மெக்கெய்ன் மைக்க வாங்கி, இல்லம்மா, அவரு நல்ல குடும்பஸ்தர், கொள்கைலதான் எங்களுக்கு வேறுபாடுன்னு தன் கூட்டத்துலயே சொன்னாரு. தேர்தலுக்கு ஒரு மாசம்கூட இல்லாத நேரம் அது!

இப்ப உங்க விஷயம். ஆபீஸ்ல யாராவது சூடா பேசினா கேளுங்க, ஆனா அவங்க கட்சிய வச்சு ஆள எடை போடாதீங்க. விசால இருக்கிறவங்க தேர்தல் நிதி ஒரு டாலர் கூட குடுக்கக்கூடாது, கிரீன் கார்டு வந்தா குடுக்கலாம், ஆனா அதிபர், காங்கிரஸ் தேர்தல்ல ஓட்டு சிட்டிசனுக்கு மட்டும்தான். லைசன்ஸ் எடுக்கப் போறப்ப வோட்டரா பதிவு பண்ணவான்னு கேப்பாங்க, தெரியாம கூட டிக் போட்டுடாதீங்க, பின்னாடி குடியுரிமைக்கே வினையாயிடும். சிட்டி கவுன்சில் மீட்டிங் போங்க, பேரு குடுத்தா பெரும்பாலான ஊர்ல ரெண்டு மூணு நிமிஷம் பேச விடுவாங்க, தெருவிளக்கோ ஸ்கூல் பக்கத்து கிராசிங்கோ, மேயர் முகத்த பாத்தே சொல்லலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.