அப்பா வரைந்த படத்துக்கு கேன்வாஸ் பிரிண்ட்: கிளாஸியா, மேட்டா?

மாட்டுங்காவிலிருந்து:

அப்பா வரைந்ததில் மிஞ்சியது ஒரே ஒரு எண்ணெய் ஓவியம். பொழுது சாயும் நேரத்துக் கோயில் குளம், பாதிப் படம் இருட்டு. அது ஊரில் அம்மாவிடம் இருக்கட்டும், நானும் தங்கையும் ஆளுக்கொரு பிரிண்ட் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம்.

கடையில் பளபளப்பான கிளாஸி ஃபினிஷைக் காட்டினார்கள். அங்கிருந்த விளக்கில் தண்ணீரில் மிதக்கும் அகல் நிஜமாகவே எரிவதுபோல் இருந்தது. வாங்கிவந்து ஹாலில் மாட்டினேன். எதிரே பால்கனி. பகல் முழுக்க அந்தக் குளத்தில் தெரிந்தது பால்கனிக் கம்பியும் கொடியில் காயும் துணியும்தான்.

அடுத்து பளபளப்பே இல்லாத மேட் போட்டேன். கண்கூச்சம் போனது, கூடவே கறுப்பும் போனது. மேட் பரப்பு விழும் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். அந்தச் சிதறலே கறுப்பின்மேல் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடுகிறது. படித்துறை நிழலில் அப்பா அடுக்கடுக்காகத் தீட்டியிருந்ததெல்லாம் ஒன்றாகிவிட்டது. வீடியோவில் பார்த்த அம்மா, "என்னடா, புழுதி படிஞ்சாப்ல இருக்கே" என்றாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது தடவை முழுப் படம் கேட்கவில்லை. அந்த இருட்டு மூலையை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று ஃபினிஷிலும் அடித்து வாங்கி, மாட்டப்போகும் சுவரிலேயே ஒட்டிவைத்து, காலையும் மதியமும் ராத்திரி டியூப்லைட்டிலும் பார்த்தேன். கிளாஸிக்கும் மேட்டுக்கும் நடுவில் இலேசாக மினுங்கும் சாட்டின்தான் சரிப்பட்டது. நிழலின் ஆழம் இருந்தது, பால்கனி தெரியவில்லை. ரவி வர்மா 1894-இல் அச்சகம் தொடங்கியதும் இதே மும்பையில்தான். அங்கே அச்சான ஓலியோகிராஃப் (எண்ணெய் ஓவியம்போலத் தெரியும் வண்ண அச்சு) படங்களுக்கு மேலே வார்னிஷ் பூசியதே எண்ணெய் ஓவியத்தின் மினுமினுப்பு வேண்டும் என்றுதானே!

செம்பூரிலிருந்து:

எங்கள் வீட்டில் நேர்மாறு. பாட்டி வரைந்தது வாட்டர்கலர். காகிதத்தில் மினுமினுப்பே கிடையாது என்பதால் மேட் கேன்வாஸ்தான் பொருந்தியது. சாட்டினில் அது வேறு யாரோ வரைந்ததுபோல் இருந்தது. ஆனால் மேட்டில் நகம் பட்டாலும் கோடு விழும், மேலே பாதுகாப்புக்கு மேட் வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். நான் ஜூலையில் அவசரப்படுத்தினேன். மை நன்றாக உலரும் முன்பே பூசிவிட்டார்கள், வானத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. குறைந்தது ஒரு முழு நாள் உலரவிடணும், அடைமழைக் காலத்தில் இன்னும் கூடவே.

டோம்பிவிலியிலிருந்து:

மடிப்பையும் பாருங்கள். கட்டைச் சட்டத்தில் இழுத்து அடிக்கும்போது என் கிளாஸி பிரிண்ட் ஓரத்தில் வெடித்து, உள்ளேயிருந்த வெள்ளை தெரிந்தது. படம் விளிம்புவரை கறுப்பாக இருந்ததால் தூரத்திலிருந்தே தெரிந்தது. மாதிரித் துண்டை வாங்கும்போதே கட்டை விளிம்பில் ஒருமுறை மடித்துப் பார்த்துவிடுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:

மடித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. தங்கையின் பிரிண்ட் இன்னும் சட்டத்தில் ஏறவில்லை. மிச்சமிருக்கும் சாட்டின் துண்டை இன்றைக்கே மடித்துப் பார்க்கிறேன்.