சென்னையில் பி.ஏ. இதழியல்: கோத்தகிரியிலிருந்து சேருபவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கோத்தகிரி மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடிக்கப் போகிறேன். அரசுப் பள்ளி, தமிழ்வழி. நிருபர் வேலைக்குத்தான் போவது என்று முடிவு. சென்னையில் பி.ஏ. இதழியல், பி.எஸ்சி. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டில் எதில் சேரலாம்? கேமரா கட்டாயம் வாங்க வேண்டுமா? வீட்டில், "ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் ஒரு டிகிரியை முடி, மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெஸ்க் ஆள்:
வீட்டில் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். தரமணி ஏசிஜே (ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்) நடத்துவது முதுநிலை டிப்ளமோ. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக இதழியல் துறை என்றால் எம்.ஏ. இரண்டிலும் எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம். ஊட்டியில் தமிழோ பொருளாதாரமோ வரலாறோ படித்துவிட்டு அங்கே போவதும் நல்ல வழிதான்.

பிளஸ் டூ முடித்த கையோடு என்றால், தாம்பரம் எம்சிசி (சென்னைக் கிறித்துவக் கல்லூரி) போன்ற கல்லூரிகளில் பி.ஏ. இதழியல் இருக்கிறது. பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், கல்லூரி இணையதளத்தில் இருக்கும் ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தை இறக்கி, செய்தி எழுதுதல், எடிட்டிங், ஊடகச் சட்டம் இவற்றுக்கு எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். விஸ்காமில் பெரும்பாலும் ஓவியம், போட்டோகிராபி, விளம்பரம், வீடியோ எடிட்டிங்தான். செய்தி ஒன்றிரண்டு தாளோடு முடிந்துவிடும். சினிமா, விளம்பரத் துறைக்கு அது சரி. உங்களுக்கு இதழியல்தான்.

பணம் கட்டும் முன் துறையில் நேரில் கேளுங்கள்: மாணவர்கள் நடத்தும் பயிற்சி இதழ் வருடத்துக்கு எத்தனை முறை வருகிறது? கடைசியாக வந்ததைக் காட்ட முடியுமா? தமிழில் செய்தி எழுதக் கற்றுத் தருகிறார்களா, எல்லாமே ஆங்கிலத்திலா? இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம், இடம் யார் பிடித்துத் தருவார்கள்? பயிற்சி இதழை எடுத்துக் காட்ட முடியாத துறையில் மூன்று வருடம் தியரிதான் படிப்பீர்கள்.

குன்னூர் வாசகர்:
கேமரா இப்போது வேண்டாம். போன் போதும், கூடவே சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று, அதற்கு ஸ்பாஞ்ச் உறை. உறை இல்லாமல் தொட்டபெட்டாவில் பேட்டி எடுத்தால் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒவ்வொரு ஷாட்டையும் அசையாமல் 10 நொடி பிடியுங்கள். புதிதாக எடுப்பவர்கள் 3 நொடியில் திருப்பிவிடுவார்கள், எடிட்டிங்கில் வெட்ட இடமே இருக்காது. லேப்டாப் 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இருந்தால் போதும்.

கல்லூரி திறக்கும் முன் தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ந-வுக்குப் பின் த தட்டினாலும் 'ந்த' வந்துவிடும். தினமும் அரை மணி நேரம் பழகினால் சில வாரத்தில் கை வந்துவிடும். ஆங்கில எழுத்தில் ஒலி பார்த்து அடிக்கும் பழக்கத்தில் ல, ள, ழ குழப்பம் சுலபமாக நுழையும், டெஸ்க்கில் (செய்தியைத் திருத்தும் பிரிவில்) அதைத் திருத்தியே நேரம் போகும்.

மலைச்சாரல்:
தங்கச்சி, எழுத்துப் பயிற்சிக்குச் சென்னை போகும்வரை காத்திருக்க வேண்டாம். திங்கள்கிழமை ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். மனு கொண்டு வருபவர்களிடம் பேசி, ஒரு மனுவை மட்டும் எடுத்து 200 சொல்லில் எழுதுங்கள். பிறகு அதையே 60 சொல்லாகச் சுருக்குங்கள். முதல் வாக்கியத்தில் தகவல் இருக்க வேண்டும். "கோத்தகிரி அருகே நேற்று பெரும் பரபரப்பு ஏற்பட்டது" என்பதில் ஒன்றுமே இல்லை. "மண் சரிந்ததால் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையில் நேற்று காலை 6 முதல் 9 மணி வரை வண்டிகள் ஓடவில்லை" என்றால் படிப்பவருக்கு வேண்டியது முதல் வரியிலேயே கிடைத்துவிடும்.

யார் சொன்ன கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு 4 முதல் 4.5 கிலோ பசுந்தேயிலை போகும். இது தெரிந்தால் ஏல விலைக்கும் விவசாயி கைக்கு வரும் விலைக்கும் உள்ள இடைவெளியை நீங்களே கேள்வியாகக் கேட்கலாம். யானை செய்தியும் அப்படித்தான். 'ஊருக்குள் புகுந்தது' என்று எழுதும் முன் அது யானைகள் வழக்கமாகப் போகும் வழித்தடமா என்று பாருங்கள். நம் நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தை உறுதிசெய்து உச்ச நீதிமன்றம் 14.10.2020 அன்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழித்தடத்தில் உள்ள ரிசார்ட்டுகள் பற்றி எழுத நினைத்தால் அதைப் படிக்காமல் தொடாதீர்கள்.

அடுத்தது தகவல் உரிமை மனு. வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பெறுநர் பொதுத் தகவல் அலுவலர். "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் 'விளக்கம் தர இயலாது' என்று திருப்பிவிடுவார்கள். "இந்தச் சாலைக்கு 2023–24இல் வழங்கிய பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. பாலியல் குற்றச் செய்தியில் பாதிக்கப்பட்டவரின் பெயர் போடாவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சின்ன ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) 'பத்தாம் வகுப்பு மாணவி, அப்பா டிரைவர்' என்றாலே யார் என்று ஊருக்கே தெரியும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பள்ளி, குடும்பம், ஊர் என எந்த அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது.

கோத்தகிரி மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா. செலவு, போக்குவரத்து பற்றியும் யாராவது சொன்னால் வீட்டில் பேச உதவும். பாடம் ஆங்கிலத்தில் என்பதும் பயமாக இருக்கிறது.

டெஸ்க் ஆள்:
அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வங்கிக் கணக்கோடு ஆதாரை இப்போதே இணைத்துவிடுங்கள், அது இல்லாவிட்டால் பணம் நின்றுபோகும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை தொழிற்படிப்புகளுக்குத்தான், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்ட்ரல். சாலையைக் கடந்தால் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், தீபாவளி டிக்கெட்டை அன்றே போட்டுவிடுங்கள். நவம்பரில் செமஸ்டர் தேர்வு வரும் நேரம்தான் நம் மலைச் சாலையில் மண் சரியும் நேரமும், அதனால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

ஆங்கிலத்துக்கு, ஒரே செய்தியைத் தினமும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் அடுத்தடுத்துப் படியுங்கள். நடந்தது ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அகராதி இல்லாமலே பாதி புரியும். முதல் வாரம் முதல் பத்தி மட்டும். இரண்டு பத்திரிகையிலும் எண்ணிக்கை வேறாக இருந்தால் குறித்து வையுங்கள், முதல் செமஸ்டரில் நல்ல அசைன்மென்ட் ஆகும்.