சான்று இல்லாத இறைநம்பிக்கை நியாயமானதாகுமா?

நாஞ்சில் வாசகன்:
நாகர்கோவில் நாகராஜா கோயில் கருவறை மண் ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் மாறுவதாகச் சொல்லப்படுவதைப் பற்றிப் பேசியபோது, நம்பிக்கைக்குச் சான்று கேட்பதே தவறு என்று தக்கலை ஆசிரியை எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வில்லியம் கிளிஃபோர்டு என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பழுதுபார்க்க வேண்டியது என்ற ஐயம் எழுந்தும், இறைவன் காப்பான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்களை அவர் அதில் ஏற்றி அனுப்புகிறார், கப்பல் மூழ்கிவிடுகிறது. அது பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்கிறார் கிளிஃபோர்டு, ஏனெனில் கையிலிருந்த சான்றுகளை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை.

தக்கலை ஆசிரியை:
ஐயா, அந்த முதலாளி இருந்த சான்றை மூடி மறைத்தவர். கப்பலைச் சோதிக்கத் தச்சர்கள் இருந்தார்கள். இறைவன் உண்டா என்பதைச் சோதிக்க யாரை அழைப்பது? அறிவால் முடிவுகட்ட இயலாததும், ஒத்திப்போட முடியாததும், வாழ்க்கையையே மாற்றக்கூடியதுமான கேள்வியில், முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் கிளிஃபோர்டுக்கு மறுமொழி சொன்னார். நம் சைவ சித்தாந்தமோ காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க நூல், பெரியோர் சொல்) ஆகிய மூன்றையும் அளவைகளாக, அதாவது உண்மையை அறியும் வழிகளாக, கொள்கிறது. காண்டல் ஒன்றே போதும் என்றவர்கள் உலகாயதர்கள். நேற்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்பதை நினைவை நம்பித்தான் சொல்கிறேன். அந்த நினைவு பொய்க்கவில்லை என்று காட்ட, மறுபடியும் யாரோ ஒருவருடைய நினைவைத்தானே துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது?

நாஞ்சில் வாசகன்:
உங்கள் நினைவை மாணவரின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உரையையும் நான் தள்ளவில்லை. உரைகள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது என்றுதான் கேட்கிறேன். சிவாலயமும், தேவாலயமும், பள்ளிவாசலும், அய்யாவழியினரின் சாமிதோப்பு பதியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் இது. ஒவ்வொன்றும் சொல்வது அப்படியே முழு உண்மையாக இருக்க வழியில்லை. பெரும்பாலோர் தாம் பிறந்த வீட்டின் உரையையே ஏற்கிறோம். புனிதர் பட்டத்துக்குத் திருச்சபைகூடச் சான்று கேட்கிறதே! 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவராகி உயிர்நீத்த நம்மூர்த் தேவசகாயம் பிள்ளையின் பரிந்துரையால் கருவிலிருந்த ஒரு குழந்தை பிழைத்ததாகச் சொல்லப்பட்டதை, மருத்துவர்களின் கருத்தையும் கேட்டு விசாரித்த பிறகே 2020-இல் அற்புதமாக ஏற்றார்கள். 2022-இல் புனிதராக அறிவித்தார்கள்.

குளச்சல் கடற்கரை:
கடலைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் தகப்பனார் தொழிலுக்குப் போகுமுன் வானிலை எச்சரிக்கையைக் கேட்பார், எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார், டீசலையும் ஐஸையும் சரிபார்ப்பார். அதன் பிறகுதான் மாதா படத்தின் முன் நின்று சிலுவை போடுவார். ஜெபத்தைக் காரணம் காட்டி எஞ்சினைப் பார்க்காமல் விட்டதே கிடையாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன்பின் கரையொதுங்கிய உடல்களை அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்டது. அந்த முடிவை ஏற்றுக்கொண்ட வீடுகளிலேயே ஜெபமும் தொடர்ந்தது. இன்னாருடைய உடலா என்று தெரியச் சான்று வேண்டும் சார். அதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் எழுவதற்கும் அதே சான்றைக் கேட்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

நாஞ்சில் வாசகன்:
சகோதரி, அந்த ஜெபத்தின் மேல் எனக்குச் சிறிதும் இளக்காரம் இல்லை. ஆனால் ஜெபிப்பவர், கேட்கும் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தானே ஜெபிக்கிறார்? அது ஆறுதல் மட்டுமன்று. உலகில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிய கூற்று.

தக்கலை ஆசிரியை:
கூற்றுதான், மறுக்கவில்லை. அது பொய்யாகவும் இருக்கலாம் என்பதை அறிந்தே அதன் மேல் என் வாழ்க்கையை வைக்கிறேன். அதன் பெயரால் அடுத்த வீட்டாரின் வழியையோ உரிமையையோ நான் மறித்தால், அப்போது சான்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாகராஜா கோயில் மண்ணைப் பொறுத்தவரை உங்கள் பக்கமே நிற்கிறேன்: நிறம் மாறுகிறதா என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது, அதற்குச் சான்று கேளுங்கள். அந்த மண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இடுகிறவர் வேறு யாரிடமும் எதையும் கேட்காதவரை, அவரை நியாயமற்றவர் என்று எதைக் கொண்டு தீர்ப்பிடுகிறீர்கள்?