ஞாயிறு மொட்டை, பையன் தலையைத் தொடவே விடவில்லை – அவசர உதவி

துறையூர்க்காரி (புதன், இரவு 10:40)
வணக்கம். பையனுக்கு வரும் ஞாயிறு முடி இறக்க வேண்டும். சீப்பைக் கண்டாலே கத்துகிறான். போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தோம், பலூன் வாங்கிக் கொடுத்தோம், எதுவும் நடக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, தள்ளிப்போட முடியாது. எப்படிச் சமாளிப்பது? யாராவது உடனே சொல்லுங்கள்.

நிலா_அம்மா (10:52)
எத்தனை மாதக் குழந்தை? கோயிலிலா, வீட்டிலா? யார் மடியில் உட்காரப் போகிறான்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

கரூர்_அப்பா (11:05)
தூங்கும்போது எடுத்துவிடுங்கள். என் மகளுக்கு ஒன்பதாவது மாதத்தில் அப்படித்தான் செய்தோம். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தேன், பின்மண்டை முழுக்க முடியும்வரை அசையவில்லை. நெற்றிப் பக்கம் வந்தபோதுதான் விழித்தாள். பக்கத்து வீட்டில் அரை மணி நேரம் முன்னால் சளி மருந்து கொஞ்சம் கொடுத்தார்களாம், குழந்தை கடைசிவரை தூங்கியதாம்.

தஞ்சைத்_தாத்தா (11:20)
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாமே. எங்கள் வீட்டில் பதினோரு குழந்தைகளுக்கு மொட்டை போட்டிருக்கிறோம். மாமன் மடியில் உட்கார வைப்போம், இரண்டு பேர் கையைக் காலைப் பிடிப்பார்கள், பத்து நிமிடம் அழும், அவ்வளவுதான். அழுத குழந்தை யாரும் கெட்டுப்போகவில்லை. பெற்றவர்கள் பதறுவதைப் பார்த்துத்தான் பிள்ளையும் பதறுகிறது.

செவிலியர்_திருச்சி (வியாழன், காலை 6:15)
கரூர் அண்ணா, சளி மருந்து யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். சளி மருந்துகள் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் கலவையை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடும்படி 2023-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. தூங்க வைக்க மருந்து கொடுப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. வேறு வழிகள் எத்தனையோ இருக்கின்றன.

சலூன்கடைத்_தம்பி (6:50)
அக்கா, பதினான்கு வருடமாக இதுதான் என் தொழில். குழந்தைக்குக் கத்தி என்னவென்றே தெரியாது, அதனால் பயம் கத்தியால் வருவதில்லை. சொம்புப் பச்சைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்ததும்தான் முதல் அலறல் வரும். அடுத்து முகம் தெரியாத ஒரு கை மண்டையை இறுக்கிப் பிடிக்கும். அழுகை அப்புறம் நிற்காது.

அதனால் காலையில் வீட்டிலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள். அங்கே போனதும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் தலையை ஒற்றி ஒற்றி ஈரமாக்கினால் போதும். ஆனால் நன்றாக ஊற வேண்டும், காய்ந்த முடியில் கத்தி இழுக்கும், வலிக்கும். முதலில் கத்திரியால் ஒட்டக் குறைத்துவிடச் சொல்லுங்கள், கத்திக்கு வேலை பாதியாகும்.

உட்காரும் விதம் முக்கியம். குழந்தை மடியில் இருப்பவரைப் பார்த்து, கட்டிக்கொண்டு, தோளில் தாடையை வைத்திருக்க வேண்டும். பின்மண்டையிலிருந்து தொடங்கினால் கத்தி கண்ணில் படாது. நெற்றி கடைசியில். போன் காட்டினால் எங்கே பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். மடியில் வைத்தால் குழந்தை குனியும், முன்பக்கம் எடுக்கவே முடியாது. ஒருவர் மடிக்காரருக்குப் பின்னால் நின்று, குழந்தையின் கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும்.

வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டாதீர்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்தில் விழும் முடியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருங்கள். பாதியில் அழத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த முடி குத்துவதால்தான் அழுகிறார்கள்.

அக்கா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். இதற்கு முன் ஏதாவது நடந்ததா? சீப்புக்கே கத்துகிறான் என்றால் சும்மா இருக்காது.

துறையூர்க்காரி (மதியம் 1:30)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். பதினேழாவது மாதம் நடக்கிறது. எங்கள் குலதெய்வக் கோயிலில், என் தம்பி மடியில். தம்பி வெளிநாட்டில் வேலை செய்கிறான், சனிக்கிழமைதான் ஊருக்கு வருகிறான்.

இன்னொன்று. போன மாதம் வேறொரு கோயிலில் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டோம். தலையை உதறியதில் காதுக்கு மேல் சின்னக் கீறல், கொஞ்சம் ரத்தம் வந்தது. இடப்பக்கம் மட்டும் மொட்டையாக இருக்கிறது, தொப்பி போட்டு வைத்திருக்கிறோம்.

நிலா_அம்மா (1:41)
இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா! பாவம் பிள்ளை. முழு மொட்டை போட்ட பிறகு அந்த இடம் தெரியாது, கவலைப்படாதீர்கள்.

சலூன்கடைத்_தம்பி (2:10)
நினைத்தேன் அக்கா. அவனுக்கு நினைவிருக்கிறது. மூன்று நாள் இருக்கிறது, போதும். சீப்பை அவன் கையிலேயே கொடுத்து, உங்கள் தலையை வாரச் சொல்லுங்கள். தாத்தா முகச்சவரம் செய்யும்போது எதிரே உட்கார வையுங்கள், நுரையைத் தொட்டுப் பார்க்கட்டும். குளிக்கும்போது ஒரு தடவை மட்டும் ஈரத் துண்டால் தலையை ஒற்றுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், துரத்திப் போக வேண்டாம்.

பெரிய சிக்கல் மாமாதான். அவன் பார்த்தே இராத ஒருவர் மடியில் உட்கார வைத்து, அந்நியர் ஒருவர் தலையைப் பிடித்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? இன்றிலிருந்தே வீடியோ அழைப்பில் பேச வையுங்கள். முதல் மூன்று கொத்து முடி எடுக்கும்வரை மாமா மடியில் இருக்கட்டும், அப்புறம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

தஞ்சைத்_தாத்தா (3:05)
மூன்று கொத்துக் கணக்கெல்லாம் எங்கே இருக்கிறது? தாய்மாமன் மடி என்றால் முடியும்வரை மாமன் மடிதான். நடுவில் மடி மாறினால் அது சடங்கே இல்லை.

நிலா_அம்மா (3:20)
தாத்தா, எனக்கு உடன்பிறந்தவன் கிடையாது. என் பெண்ணுக்கு என் பெரியம்மா மகன் மடி கொடுத்தார், இறுதியில் அவள் அப்பாவிடம்தான் இருந்தாள். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

கரூர்_அப்பா (3:34)
பெரியம்மா மகனும் முறைக்கு மாமன்தான். அதில் தவறில்லை. எங்கள் பக்கம் அத்தை மடியிலும் உட்கார வைப்பார்கள். (சளி மருந்து பற்றி எழுதியதற்கு மன்னிக்கவும் சிஸ்டர், தெரியாமல் எழுதிவிட்டேன்.)

தஞ்சைத்_தாத்தா (4:00)
முறையை ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டே போனால் பிறகு முறை என்ற ஒன்று எதற்கு? நான் சொல்வதில் கோபம் இல்லை. என் தங்கை மகனுக்கு நான் மடி கொடுத்தபோது அவன் என் வேட்டியை ஈரமாக்கினான், அந்த வேட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த உறவு மாமனுக்கு அன்றுதான் வருகிறது. அதனால் சொல்கிறேன்.

செவிலியர்_திருச்சி (மாலை 5:45)
மடி யாருடையது என்பதை அவர்கள் வீட்டில் முடிவு செய்துகொள்வார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

புது பிளேடு, உங்கள் கண் முன்னால் உறை பிரித்து, ஒடித்துக் கத்தியில் மாட்ட வேண்டும். நீங்களே ஒரு பாக்கெட் வாங்கிப் போங்கள். பையனின் தடுப்பூசி அட்டையில் மஞ்சள் காமாலை பி ஊசி பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் பழைய பிளேடு கூடாது, சி வகைக்குத் தடுப்பூசியே இல்லை. உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும், பதினேழு மாதத்தில் லேசாக மிச்சம் இருக்கலாம். அங்கே அழுத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

அழுகிற வாயில் கடலை மிட்டாய், முறுக்கு எதையும் திணிக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். தாய்ப்பால் குடிக்கிறான் என்றால் தொடங்குவதற்கு முன் வயிறு நிறையக் கொடுங்கள். பசியும் தூக்கமும் இல்லாத நேரமாகப் பாருங்கள். நல்ல நேரம் பத்தரை என்று குறித்திருந்தால், எட்டரைக்கே ஒரு தூக்கம் போட வையுங்கள்.

மணச்சநல்லூர்_மாமி (7:30)
ஆடிப் பட்டத்தில் விதைத்தால் நன்றாக முளைப்பதைப் போல, மொட்டை போட்டால்தான் முடி அடர்த்தியாக வரும். அதனால் பாதியில் விட வேண்டாம்.

செவிலியர்_திருச்சி (7:42)
மாமி, முடியின் அடர்த்தி தோலுக்கு அடியில் இருக்கும் வேரைப் பொறுத்தது, கத்தி அதைத் தொடுவதில்லை. வெட்டிய நுனி மழுங்கியிருப்பதால் முளைக்கும்போது தடிப்பாகத் தெரிகிறது. வேண்டுதலுக்காக எடுங்கள், முடி வளரும் என்பதற்காக வேண்டாம்.

சலூன்கடைத்_தம்பி (8:15)
அக்கா, கோயில் உங்கள் பங்காளிகள் பார்த்துக்கொள்வதா, அறநிலையத்துறையா? துறைக் கோயில் என்றால் முடிக்காணிக்கைக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது, ஆனால் வரிசை இருக்கும், அவசரம் இருக்கும். பங்காளிகள் கோயில் என்றால் உங்களுக்குத் தெரிந்த ஆளையே அழைத்துப் போங்கள். அவரை முந்தின நாள் வீட்டுக்கு வரச்சொல்லி, பையனோடு கொஞ்ச நேரம் பந்து விளையாடச் சொல்லுங்கள். கத்தியை எடுத்து வர வேண்டாம்.

துறையூர்க்காரி (ஞாயிறு, இரவு 9:50)
முடிந்தது. நடுவில் இரண்டு முறை நிறுத்தினோம். மூன்று கொத்து தம்பி மடியில், பிறகு என் தோளில், கடைசியில் நெற்றி எடுக்கும்போது அவனாகவே மாமாவிடம் கை நீட்டினான், தம்பி அழுதுவிட்டான். சந்தனம் பூசியதும் உள்ளங்கையால் தலையைத் தடவி, கையைப் பார்த்து, மறுபடி தடவிக்கொண்டே இருந்தான். காது அடுத்த மாதம் குத்திக்கொள்கிறோம். எல்லோருக்கும் நன்றி, தாத்தாவுக்கும்.

நிலா_அம்மா (10:02)
நல்லது! அந்த வெந்நீர்த் துண்டு வேலை செய்ததா? என் தங்கை மகளுக்கு அடுத்த வாரம் போட வேண்டும்.

நிலா_அம்மா (செவ்வாய், காலை 8:20)
துறையூர்க்காரி, இருக்கிறீர்களா?

சலூன்கடைத்_தம்பி (8:45)
அவர் களைத்திருப்பார். எத்தனை மாதக் குழந்தை, யார் மடியில் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்.