பழைய காரின் மோட்டார் ஆன்டெனா கீழே இறங்க மறுக்கிறது

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 1986இல் தயாரான ஜப்பானிய செடான். அதன் பின்பக்க இடது மட்கார்டில் மோட்டாரால் ஏறி இறங்கும் ஆன்டெனா உண்டு. பல ஆண்டுகளாகப் பாடாமல் கிடந்த ரேடியோவைக் கழற்றிவிட்டுச் சென்ற மாதம் ஒரு கடையில் புதியது பொருத்தினேன். ரேடியோவைப் போட்டதும் ஆன்டெனா முழு உயரத்துக்கு எழுகிறது. ஆனால் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. சாவியை எடுக்காமல் ரேடியோவின் பொத்தானை மட்டும் அழுத்தி அணைத்தால் ஒழுங்காக உள்ளே போய்விடுகிறது. ஏறி முடிக்கும்போதும் இறங்கி முடிக்கும்போதும் ஓரிரு நொடிகள் 'டக் டக்' என்று ஓசை வருகிறது. மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். வேறு வழி உண்டா?

முதல் பதில்

அந்த ஓசையை வைத்துப் பார்த்தால் நைலான் கயிற்றின் பற்கள் தேய்ந்திருக்க வேண்டும். தண்டின் அடியில் பல் வைத்த நைலான் கயிறு ஒன்று இருக்கும். மோட்டாரின் பல்சக்கரம் அதைத்தான் மேலே தள்ளுகிறது, கீழே இழுத்துச் சுருட்டுகிறது. கயிற்றோடு கூடிய தண்டு மட்டும் தனியாகக் கிடைக்கும். மோட்டாரை மாற்றத் தேவையில்லை.

இரண்டாம் பதில்

கயிற்றின் மீது ஐயம் கொள்வது இயல்புதான். ஆனால் பற்கள் தேய்ந்திருந்தால், ரேடியோவை எப்படி அணைத்தாலும் தண்டு தடுமாறியிருக்கும். பொத்தானை அழுத்தினால் இறங்குகிறது, சாவியை எடுத்தால் இறங்கவில்லை என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். விடை அதிலேயே இருக்கிறது.

இத்தகைய ஆன்டெனாவுக்குப் பொதுவாக மூன்று இணைப்புகள் தேவை: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக எப்போதும் வரும் 12 வோல்ட், ரேடியோ பாடும்போது மட்டும் வரும் சைகை (சிக்னல்), எர்த். சைகை நின்றவுடன் தண்டை உள்ளே இழுக்க மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். அதை அந்த நிரந்தர வயர்தான் தர வேண்டும். உங்கள் கடையில் அதை இக்னிஷனோடு, அதாவது சாவி போட்டிருக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் வயரோடு, சேர்த்து முறுக்கியிருப்பார்கள் என்று கருதுகிறேன். அப்படியானால் சாவியைத் திருப்பி அணைக்கும் நொடியில் சைகையோடு மின்சாரமும் போய்விடுகிறது; இறங்க வேண்டும் என்று தெரிந்தும் மோட்டாருக்கு வலுவில்லை.

சாவியை எடுத்துவிட்டு, டிக்கியின் ஓரத்தில் மோட்டாருக்கு வரும் வயர்களைச் சோதியுங்கள். ஒன்றிலாவது 12 வோல்ட் இருந்தாக வேண்டும். மல்டிமீட்டரை விட டெஸ்ட் லாம்ப் (மின்சாரம் இழுத்து எரியும் சிறு சோதனை விளக்கு) நல்லது, ஏனெனில் பச்சை பூத்த இணைப்பில்கூட மீட்டர் 12 காட்டும், சுமை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். புதிய ரேடியோக்கள் பலவற்றில் மஞ்சள் நிரந்தர மின்சாரம், சிவப்பு இக்னிஷன், நீலம் ஆன்டெனாவுக்கான சைகை. காரின் பக்கத்து நிறங்களை மட்டும் நம்ப வேண்டாம், அவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீல வயரால் சில நூறு மில்லி ஆம்பியர்தான் தர முடியும். அதிலிருந்து நேரடியாக மோட்டாரை ஓட்டினால் புதிய ரேடியோ பழுதாகிவிடும்.

கேட்டவர்

நீங்கள் சொன்னதே சரி. சாவியை எடுத்தவுடன் டிக்கியில் எந்த வயரிலும் விளக்கு எரியவில்லை. டாஷ்போர்டைத் திறந்து பார்த்தால், ஆன்டெனாவின் நிரந்தர வயரை ரேடியோவின் சிவப்போடு சேர்த்து டேப் சுற்றியிருந்தார்கள். தனி ஃபியூஸ் வைத்து மஞ்சளோடு இணைத்தேன். இப்போது சாவியை எடுத்ததும் இறங்கிவிடுகிறது. 'டக் டக்' மட்டும் இன்னும் இருக்கிறது. தண்டுக்குக் கிரீஸ் போடலாமா?

இரண்டாம் பதிலர்

கிரீஸ் வேண்டாம், தூசியை இழுத்துச் சேர்த்து, அடுத்தடுத்த குழாய்களை இறுக்கிவிடும். தண்டை முழுவதும் ஏற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவினால் போதும். இந்த வகை மோட்டார்களில், தண்டு எல்லையைத் தொட்ட பின் கிளட்ச் (தண்டு நின்றாலும் மோட்டாரைச் சுழலவிடும் பாகம்) நழுவுவதால் ஓரிரு நொடி ஓசை வருவது இயல்பே. அது நீண்டுகொண்டே போனாலோ தண்டு பாதியில் நின்றாலோ, முதல் பதிலில் சொன்ன நைலான் கயிற்றைப் பாருங்கள். டிக்கியைத் திறந்திருக்கும்போதே மோட்டாரின் அடியிலுள்ள வடிகால் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மழைநீர் தேங்கினால் மோட்டார் உண்மையாகவே போய்விடும்.