ஜாஷ்வா ட்ரீ ஜம்போ ராக்ஸ்ல நவம்பர்ல டென்ட் போட்டுத் தங்கலாமா? ஊர்ல இருந்து அப்பா அம்மாவும் வர்றாங்க

நிலாச்சோறு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கலிஃபோர்னியாவுல ஐர்வைன் பக்கம் இருக்கோம். அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, டிசம்பர்ல கிளம்பிருவாங்க, அதுக்குள்ள எல்லாரும் சேர்ந்து ஒரு கேம்ப்பிங் போகணும்னு என் வீட்டுக்காரருக்கு ரொம்ப ஆசை. ஜாஷ்வா ட்ரீ நேஷனல் பார்க்ல ஜம்போ ராக்ஸ்னு ஒரு கேம்ப்கிரவுண்ட் இருக்குல்ல, அந்தப் பெரிய பெரிய பாறைக்கு நடுவுல டென்ட் போடுற மாதிரி போட்டோ பாத்ததுல இருந்து பசங்களும் அங்கதான் போகணும்னு நிக்கிறாங்க. பெரியவளுக்கு 10 வயசு, சின்னவனுக்கு 6. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கு, ஆனா நடப்பாங்க.

என்னோட கவலை எல்லாம் இதுதான், அங்க தண்ணியே கிடையாதுன்னு சொல்றாங்க, ராத்திரி எவ்ளோ குளிரும், அம்மாவால தரையில படுத்து எந்திரிக்க முடியுமா, பாத்ரூம் எப்படி இருக்கும், பசங்க பாறை மேல ஏறுறேன்னு போனா என்ன செய்றது. இதுக்கு முன்னாடி பீச் பக்கம் கேம்ப்பிங் போயிருக்கோம், பாலைவனம் இதான் முதல் தடவை. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மீனாட்சி_சாண்டியாகோ:
வாங்க நிலா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், தாராளமா போகலாம், நவம்பர் நல்ல மாசம். கோடையிலன்னா வேண்டாம்னு தடுத்திருப்பேன், 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போயிரும், நிழல்னு பேருக்குக்கூட இருக்காது.

ஜம்போ ராக்ஸ் 4,400 அடி உயரத்துல இருக்கு. பாலைவனம்னா சூடுதானேன்னு நினைச்சு ஒரு ஸ்வெட்டரோட வர்றவங்க நிறைய பேரு. நவம்பர்ல பகல்ல 60, 70ன்னு சுகமா இருக்கும், சூரியன் அந்தப் பாறைக்குப் பின்னாடி போன உடனே மளமளன்னு இறங்கும், ராத்திரி 40க்குக் கீழ சாதாரணமா போகும், சில நாள் தண்ணி உறையற அளவுக்கும் போயிரும். அதனால ஆளுக்கு ஒரு நல்ல ஜாக்கெட், குல்லா, கம்பளி சாக்ஸ் கட்டாயம். அப்பா அம்மாவுக்கு மங்கி கேப் இருந்தா அதையே போடச் சொல்லுங்க, அதுக்கு மிஞ்சினது எதுவும் இல்ல.

தண்ணி விஷயத்துல கேள்விப்பட்டது சரிதான். ஜம்போ ராக்ஸ்ல ஒரு குழாய்கூடக் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது ஒரு கேலன்னு பார்க் சர்வீஸே சொல்லுது. அது குடிக்க மட்டும்னு வச்சுக்கோங்க, நம்ம ஆளுங்களுக்கு சமைக்கணும், பாத்திரம் அலசணும், பாத்ரூம் போனா தண்ணி வேணும், அதனால ஆளுக்கு ரெண்டு கேலன்னு கணக்குப் போட்டுக் கொண்டு போங்க. 5 கேலன் கேன் ரெண்டு மூணு இருந்தா நல்லது, கீழ குழாய் வச்ச கேனா பாத்து வாங்குங்க, அம்மாவால தூக்கிச் சாய்க்க முடியாது. தீர்ந்து போச்சுன்னா ட்வென்டிநைன் பாம்ஸ் டவுன்ல ஒயாசிஸ் ஆஃப் மாரா கிட்டயோ வெஸ்ட் என்ட்ரன்ஸ்லயோ பிடிச்சுக்கலாம், ஆனா அதுக்குக் காரை எடுத்துட்டு வெளிய வரணும்.

பாத்ரூம் பிட் டாய்லெட்தான், ஃப்ளஷ் கிடையாது, பார்க்குக்குள்ள எங்கயுமே குளிக்க வசதி இல்ல. சுத்தமாத்தான் வச்சிருப்பாங்க, ஆனா லாங் வீக்கெண்ட்ல பேப்பர் தீர்ந்திரும், கையில வச்சுக்கோங்க.

இதெல்லாம் படிச்சு அம்மா யோசிக்கிறாங்கன்னா பிளாக் ராக் கேம்ப்கிரவுண்ட் பாருங்க, அதுவும் 4,000 அடி, தண்ணி இருக்கு, ஃப்ளஷ் டாய்லெட் இருக்கு, யக்கா வேலி டவுன் பக்கத்துலயே. ஆனா பேர்ல ராக்னு இருந்தாலும் இந்த உருண்டைப் பாறைங்க அங்க இல்ல, ஜாஷ்வா மரங்கதான் நிறைய. பசங்க பாறைக்காகத்தானே போறாங்க, என்கிட்ட கேட்டா ஜம்போ ராக்ஸே போங்கன்னுதான் சொல்லுவேன், ஒரு ராத்திரி பிட் டாய்லெட்டை அம்மா சமாளிச்சுருவாங்க, நம்ம அம்மாங்க பாக்காததா.

கொங்கு_மலையேறி:
அக்கா சொன்னதுல குளிர் பத்தி நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்றேன். அங்க குளிரை விட காத்துதாங்க ஆளைக் கொல்லும். மத்தியானத்துக்கு மேல ஆரம்பிச்சா சில நாள் விடியற வரைக்கும் அடிக்கும். கடையில வாங்குற உசரமான ஃபேமிலி டென்ட், உள்ள நின்னு நடக்கலாம்னு விளம்பரம் பண்றாங்களே, அது இந்தக் காத்துக்குப் பாய்மரம் மாதிரி விரிஞ்சுக்கும். குள்ளமான டென்ட் ரெண்டா எடுத்துட்டுப் போங்க. ஒரு சைட்டுக்கு, அதாவது டென்ட் போட ஒதுக்குற ஒரு இடத்துக்கு, 6 பேர், 3 டென்ட், இடம் இருந்தா 2 கார், அவ்ளோதான் கணக்கு, நீங்க சரியா 6 பேர், பிரச்சனை இல்ல.

மண்ணு அங்க மண்ணே இல்லீங்க, பொடிஞ்ச கிரானைட்டு. டென்ட் கூட வர்ற மெலிசான முளைக்கம்பி அதுல நிக்காது, இழுத்தா வந்துரும். நீளமான கம்பி தனியா வாங்கிக்கோங்க, அது போக அந்தத் தண்ணி கேனைத் தூக்கி டென்ட்டுக்கு உள்ள காத்து வர்ற பக்க மூலையில வச்சிருங்க, 5 கேலன்னா 40 பவுண்டுக்கு மேல இருக்கும், அதை விட நல்ல நங்கூரம் வேற எது. கயித்தை ஜாஷ்வா மரத்துல கட்டிராதீங்க, ஹேமக் ஊஞ்சலும் கட்டக் கூடாது, அது நம்ம ஊரு மரம் மாதிரி கெட்டியா வேர் விட்டு நிக்கிறது இல்ல, சட்டுனு சாஞ்சுரும்.

டென்ட்டைப் பாறையோட மறைவுல போடணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, சரிதான், ஆனா ரெண்டு பாறைக்கு நடுவுல இருக்கிற சந்துக்கு நேரா போட்டுராதீங்க, வெட்டவெளிய விட அந்தச் சந்துலதான் காத்து வேகமா வரும். போய் இறங்குன உடனே டென்ட்டைப் பிரிக்காம ஒரு பத்து நிமிஷம் அங்கங்க நின்னு பாருங்க, எங்க காத்து அடங்குதுன்னு உடம்புக்கே தெரியும்.

படுக்கைக்கு, காத்தடிச்ச மெத்தை மட்டும் போட்டா உள்ள இருக்கிற காத்தே ஜில்லுன்னு ஆகி முதுகுல ஏறும். மேல ஒரு ஃபோம், அதுக்கும் மேல ஜமக்காளம் போட்டுட்டுப் படுங்க. அம்மாவுக்கு மடக்குக் கட்டில் எடுத்துக்கோங்க, முழங்கால் மடக்காம உக்காந்து எந்திரிக்கலாம், ஆனா கட்டிலுக்கு அடியில காத்து ஓடும், அதனால அதுக்கும் மேல ஃபோம் வேணும். ஸ்லீப்பிங் பேக் 20 டிகிரின்னு போட்டிருந்தா 20 டிகிரியில சுகமா தூங்கலாம்னு அர்த்தம் இல்ல, அது ஓரளவு தாங்கும்ங்கிற கணக்கு, பெரியவங்களுக்கு ஒரு ரஜாய் சேர்த்தே கொண்டு போங்க.

கல்லும்_காலமும்:
பாறை பத்திக் கேட்டதுக்கு நான் வர்றேன், ஜியாலஜி படிச்சவன், இந்த இடம்னா மணிக்கணக்கா பேசுவேன், சுருக்கமா சொல்லப் பாக்குறேன்.

அங்க இருக்கிறது மான்சோகிரானைட், கிரானைட்ல ஒரு வகை. 10 கோடி வருஷத்துக்கும் முன்னாடி பூமிக்கு அடியில உருகின குழம்பா மேல ஏறி வந்து, வெளிய வராமலே உள்ள மெதுவா ஆறி இறுகினது. அது நுழைஞ்சு வந்த பழைய பாறைக்குப் பேரு பின்டோ நைஸ் (gneiss, சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறின பாறை), அதுக்கு வயசு 170 கோடி வருஷம். மேல இருந்த பாரம் அரிச்சு அரிச்சுப் போகப் போக கிரானைட் தளர்ந்து படுக்கை வசத்துலயும் நெட்டுக்குத்தாவும் விரிசல் விட்டுச்சு, கட்டம் கட்டமா. அப்போ அந்த இடம் இப்ப மாதிரி வறண்டது இல்ல, மழை உண்டு. நிலத்தடித் தண்ணி அந்த விரிசல் வழியா இறங்கி கல்லைக் கரைச்சுது. ஒரு மூலைன்னா மூணு பக்கம் இருந்தும் தண்ணி தின்னும், விளிம்புன்னா ரெண்டு பக்கம், தட்டையான முகத்துக்கு ஒரே பக்கம்தான், அதனாலதான் பெட்டியா இருந்தது உருண்டை ஆச்சு. கவனிங்க, இந்த உருட்டல் பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலயே நடந்தது. அப்புறம் சீதோஷ்ணம் வறண்டு செடிகொடி குறைஞ்சு, திடீர் வெள்ளத்துல மண்ணு அடிச்சுட்டுப் போக, உள்ள இருந்த உருண்டைங்க ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்து வெளிய தெரிஞ்சுது. யாரோ அடுக்கி வச்ச மாதிரி தெரியுறது எல்லாம் அடுக்கினது இல்ல, நடுவுல இருந்தது காணாமப் போனது. செஞ்சி மலைங்க பாத்திருப்பீங்க, பாறையோட வயசு வேற, உருண்டை ஆன விதம் இதேதான்.

பசங்ககிட்ட ஒண்ணு காட்டுங்க. ஒரு பாறையோட அடிப்பக்கம் உள்ளங்கைய வச்சு லேசா தேய்க்கச் சொல்லுங்க, கல்லுப்பு மாதிரி பொலபொலன்னு உதிரும், அதுல கண்ணாடி மாதிரி இருக்கிறது குவார்ட்ஸ், வெள்ளையா இல்ல இளஞ்சிவப்பா தட்டையா மின்னுறது ஃபெல்ஸ்பார், கறுப்புப் பொடி பயோடைட். கீழ மிதிக்கிற மணல் மொத்தமும் இதுதான். சில பாறையில வெள்ளைக் கோடு ஒண்ணு நேரா ஓடும், அடுத்த பாறையிலயும் அதே கோடு தொடரும், அது ஏப்லைட், விரிசல்ல பின்னாடி ஏறி இறுகின குழம்பு. கோட்டைப் பிடிச்சுட்டே போங்க, எந்தப் பாறை எதோட ஒட்டி இருந்துச்சுன்னு 6 வயசுப் பையனே கண்டுபிடிச்சுருவான்.

இப்ப ஏறுற விஷயம். பாறை சொரசொரன்னு இருக்கிறதால ஏறுறது ரொம்ப சுலபம், ஷூ நல்லாப் பிடிக்கும், அதுதான் ஆபத்தே. இறங்கும்போதுதான் பசங்க மாட்டிக்கிறது, மேல நின்னுட்டு அழும். தன்னால எதுல திரும்ப இறங்க முடியுமோ அதுல மட்டும்தான் ஏறணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருங்க. உதிர்ந்த பொடி சரிவுல கிடந்தா அது மேல கால் வழுக்கும். சந்துக்குள்ள கைய விட வேண்டாம், பாம்பு இருக்கலாம், நவம்பர்ல குறைவுதான், இருந்தாலும் வேண்டாம். முழங்கைக்கும் முழங்காலுக்கும் சிராய்ப்பு நிச்சயம், முழுக்கால் பேன்ட் போட்டு விடுங்க. இருட்டினதுக்கு அப்புறம் பாறையே வேண்டாம்.

அம்மாவுக்கு ஹிடன் வேலி நேச்சர் ட்ரெயில் நல்லா இருக்கும், ஒரு மைல் சுத்து, கொஞ்சம் படி இருக்கு. மண்டையோடு மாதிரி இருக்கிற ஸ்கல் ராக் பாறை, ஜம்போ ராக்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல இருந்து நடந்து போற தூரம்தான்.

நிலாச்சோறு:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இதைப் படிச்சுக் காட்டினதும் அப்பா ரெடி ஆயிட்டாரு, அந்த வெள்ளைக்கோடு மேட்டரை ரெண்டு தடவை கேட்டாரு. இன்னும் மூணு கேள்வி இருக்கு. சைட் எல்லாம் புக் ஆயிருச்சுன்னு காட்டுது, என்ன செய்றது? டென்ட்டுக்குள்ள ஒரு சின்ன கேஸ் ஹீட்டர் வச்சுக்கலாமா, அம்மாவுக்காகத்தான் கேக்குறேன். சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க நீங்கல்லாம்?

கொங்கு_மலையேறி:
ஹீட்டர் வேண்டவே வேண்டாம்ங்க. கேஸ் ஹீட்டரோ அடுப்போ கரியோ எதையும் டென்ட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆள் போயிருவாங்க. அதுக்குப் பதிலா படுக்கறதுக்கு முன்னாடி தண்ணி காய வச்சு நல்லா மூடி டைட்டா இருக்கிற பாட்டில்ல ஊத்தி ஒரு துண்டுல சுத்தி அம்மா கால் மாட்டுல போர்வைக்குள்ள வச்சிருங்க, மணிக்கணக்கா கதகதன்னு இருக்கும், காலையில அதே தண்ணியில பல் விளக்கிக்கலாம்.

மீனாட்சி_சாண்டியாகோ:
புக்கிங் ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) வெப்சைட்லதான், 6 மாசம் முன்னாடியே திறந்திருவாங்க, ஜம்போ ராக்ஸ்ல 124 சைட் இருந்தும் வீக்கெண்டுக்குப் பத்தாது. ஆனா கேன்சல் பண்றவங்க நிறைய, குறிப்பா அந்த வாரத்துலயே. தினமும் காலையும் சாயந்திரமும் பாருங்க, ஞாயிறு ராத்திரி இல்ல வார நாள்னா கிடைக்க வாய்ப்பு அதிகம், பசங்களுக்கு ஒரு நாள் லீவு போட்டா தப்பில்ல. தேங்க்ஸ்கிவிங் வாரத்தை மட்டும் மறந்துருங்க.

தேதி உங்க கையில இருந்தா அமாவாசை ஒட்டிப் போங்க. 2017ல இருந்தே இது டார்க் ஸ்கை பார்க், அதாவது இருட்டான வானத்துக்காக அங்கீகாரம் வாங்கின இடம். நவம்பர்ல பால்வெளியோட நடுப்பகுதி தெரியாது, அது கோடையிலதான், ஆனா இருட்டினதும் கிழக்க கார்த்திகை தெரியும், அதுக்குக் கீழ ரோகிணி, ஒரு ஒம்பது மணிக்கு மேல திருவாதிரை ஏறி வரும். உங்க அப்பா அம்மாவுக்கு இந்த நட்சத்திரமெல்லாம் பேரு தெரியும், பசங்களுக்கு அவங்களே காட்டட்டும். டார்ச்சுக்கு செவப்புக் காகிதம் கட்டிக்கோங்க, பக்கத்து சைட்காரங்களுக்கும் கண்ணு கூசாது. ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் சத்தம் கூடாது.

சாப்பாடு, முதல் ராத்திரிக்கு வீட்லயே புளிசாதம் கிளறி எடுத்துட்டுப் போயிருங்க, அன்னிக்கு டென்ட் போடவே நேரம் சரியா இருக்கும். காலையில மிளகாய்ப்பொடி தடவின இட்லி. அங்க சமைக்கணும்னா குக்கர் எடுத்துட்டுப் போங்க, அந்த உயரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சுரும் ஆனா சூடு குறைவு, திறந்த பாத்திரத்துல பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும். எண்ணெய்ப் பாத்திரம் வேண்டாம், கழுவத் தண்ணி ஏது. சாப்பிட்டு முடிச்ச உடனே எல்லாத்தையும் கார்ல வச்சுப் பூட்டிருங்க, அண்டங்காக்காவும் கயோட்டியும் வரும், பாவமா நின்னாலும் ஒரு வாய்கூடப் போடாதீங்க, மனுஷன் சோத்துக்குப் பழகினா அதுங்க ரோட்டுல வந்து நின்னு அடிபட்டுச் சாகுதுங்க. விறகு அங்க பொறுக்கக் கூடாது, வெளிய வாங்கிட்டுப் போங்க, கிளம்புற அன்னிக்கு நெருப்புத் தடை ஏதும் இருக்கான்னும் பாத்துக்கோங்க.

கல்லும்_காலமும்:
நவம்பர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி மாத்தினதுக்கு அப்புறம் அங்க அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுரும், அதனால மூணு மணிக்குள்ள சைட்ல இருக்கிற மாதிரி கிளம்புங்க. உள்ள போன் சிக்னல் வராது, மேப்பும் புக்கிங் விவரமும் முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க, பெட்ரோலும் டவுன்லயே ஃபுல் பண்ணிருங்க, பார்க்குக்குள்ள பங்க் இல்ல.

திரும்பும்போது வந்த வழியா வராம தெற்க பின்டோ பேசின் வழியா காட்டன்வுட் இறங்கி ஐ-10 பிடிங்க. இறங்க இறங்க ஜாஷ்வா மரம் எல்லாம் நின்னு போயிரும், மொஹாவி பாலைவனம் முடிஞ்சு கொலராடோ பாலைவனம் ஆரம்பிக்கிற இடம் அது, பசங்க கண்ணுக்கே தெரியும். நடுவுல சோயா (cholla) கள்ளித் தோட்டம் வரும். அங்க மட்டும் சின்னவன் கையப் பிடிச்சுக்கோங்க, லேசா உரசினாலே முள்ளுக் கொத்து அப்படியே பிஞ்சு வந்து ஒட்டிக்கும், கையால எடுத்தா அந்தக் கையிலயும் ஏறும். பழைய சீப்பு ஒண்ணு கார்ல போட்டு வைங்க, கொத்துக்கும் தோலுக்கும் நடுவுல சீப்பை விட்டு ஒரே சுண்டா வெளிப்பக்கம் சுண்டினா வந்துரும், மிச்சம் நிக்கிற முள்ளை ட்வீஸர்ல எடுத்துக்கலாம். சுண்டுற பக்கம் யாரும் நிக்காமப் பாத்துக்கோங்க.